கல் பெரிதா, ஒளி பெரிதா? – வைரம் வாங்குவோருக்குச் சில பதில்கள்

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஒற்றைக்கல் மோதிரம் பார்க்கிறோம். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு கல் காட்டினார்கள். ஒன்று சரியாக ஒரு காரட். மற்றது 85 சென்ட், கட்டிங் உயர்ந்தது என்கிறார்கள். சம்பந்தி வீட்டில் ‘ஒரு காரட்’ என்று சொல்லிக்கொள்ள ஆசை. எதை வாங்குவது?
– ஒரு தாய், திருச்சி

85 சென்ட் கல்லை வாங்குங்கள். காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் பல நாள் புகைச்சல்.

காரட் என்பது எடை. 200 மில்லிகிராம் ஒரு காரட்; அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். நம் கண்ணுக்குத் தெரிவதோ கல்லின் முகத்து அகலம். நேர்த்தியாகப் பட்டை தீட்டிய ஒரு காரட் வட்டக் கல் சுமார் 6.5 மி.மீ. அகலம் இருக்கும். அதே நேர்த்தியில் 85 சென்ட் கல் சுமார் 6.1 மி.மீ. உங்கள் கைப்பையில் உள்ள ஏடிஎம் அட்டையின் கனமே 0.76 மி.மீ. அதில் பாதியளவு வித்தியாசத்தைச் சம்பந்தியம்மா எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஒரு காரட்டைத் தொட்டதும் விலை ஒரு படி தாவுகிறது. ஆகவே பட்டறையில் 92, 95 சென்ட்டாக அழகாக முடிந்திருக்க வேண்டிய கல்லை, அடிப்பக்கத்தை ஆழமாக விட்டு, நடு விளிம்பைத் தடித்து விட்டு, எப்படியோ ஒரு காரட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு காரட் கல்லின் முகமும் 6.1 மி.மீ.தான் இருக்கக்கூடும். மீதி எடை மோதிரத்தில் கல் உட்காரும் குழிக்குள் ஒளிந்திருக்கும். அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். போதாததற்கு, உள்ளே போன ஒளி மேலே திரும்பாமல் பக்கவாட்டிலும் அடியிலும் கசிந்துவிடுவதால் நடுவில் இருண்டு போகும்.

வைரத்தின் தரச் சான்றிதழில் அகலமும் ஆழமும் மில்லிமீட்டரில் அச்சிட்டிருப்பார்கள். வட்டக் கல் என்றால் ஆழம் அகலத்தில் 59 முதல் 62.5 சதவீதத்துக்குள் இருப்பது பொதுவாக நல்லது. அந்த வரியைப் படித்துவிட்டுப் பணம் கொடுத்தவர் ஒருவரையாவது பார்த்துவிட வேண்டும் என்று காத்திருக்கிறேன். எல்லோரும் ‘எத்தனை சென்ட்?’, ‘விவிஎஸ்தானே?’ என்ற இரண்டு கேள்வியோடு எழுந்துவிடுகிறார்கள். விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ என்பவை கல்லின் தெளிவைக் குறிக்கும் தரங்கள், மேலிருந்து கீழாக. விவிஎஸ் கல்லுக்கும் விஎஸ் கல்லுக்கும் உள்ள வேறுபாடு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில்தான் தெரியும். விஎஸ்2 போதும், வெறுங்கண்ணுக்குப் புள்ளி தெரியவில்லை என்றால் எஸ்ஐ1கூடப் போதும். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதானால் லேசான மஞ்சள் சாயல் உள்ள ஐ, ஜே நிறத் தரமே நன்றாக இருக்கும். பிளாட்டினம், வெள்ளைத் தங்கம் என்றால் மட்டும் இன்னும் வெண்மையான ஜி, எச் பக்கம் போங்கள். இப்படி மிச்சமாகும் பணம் முழுவதையும் கட்டிங்கில் போடுங்கள்.

கல்லைக் கடையின் விளக்குக்கு அடியில் பார்க்காதீர்கள். வாசல் வெளிச்சத்தில் ஒரு முறை, மேஜைக்கு அடியில் நிழலில் ஒரு முறை, மெல்ல அசைத்துப் பாருங்கள். கடை விளக்கில் கண்ணைப் பறித்த ஒரு ஜோடித் தோடு என் பீரோவில் இருக்கிறது. வீட்டு டியூப்லைட்டில் செத்துக் கிடக்கிறது.

ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளமும் நகையில் உள்ளன. வைரத்துக்கும் அதுவே உத்தரவாதம்தானே?
– ஈரோடு வாசகர்

இல்லை. அது தங்கத்துக்கு.

பேத்திக்கு ‘ஒரு காரட் மோதிரம்’ வாங்கினேன். நடுவில் ஒரு கல், சுற்றிலும் ஆறு சிறிய கற்கள். வேறு கடையில் காட்டியபோது, ஏழும் சேர்ந்துதான் ஒரு காரட் என்கிறார்கள். பில்லில் ‘டைமண்ட் 1.00’ என்று மட்டும் இருக்கிறது. ஓய்வூதியத்தில் சேர்த்த பணம். நான்தான் கவனிக்காமல் விட்டேனோ?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

அம்மா, உங்களை நொந்துகொள்ளாதீர்கள். பில்லை அப்படி மொட்டையாக எழுதியவர்கள் தெரிந்தேதான் எழுதியிருப்பார்கள். கல் பெரிதாகப் பெரிதாக ஒரு காரட்டுக்கான விலையே ஏறும் என்பதால், ஏழு கற்கள் சேர்ந்த ஒரு காரட் தனிக்கல் ஒரு காரட்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

முதலில் கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் எழுதுங்கள். கற்களின் எண்ணிக்கை, தனித்தனி எடை, நிறம், தெளிவு எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். ‘சோதித்துத் தருகிறோம்’ என்று மோதிரத்தைக் கேட்டால், எடையும் கல் எண்ணிக்கையும் எழுதிய ரசீது வாங்காமல் கொடுக்க வேண்டாம். மழுப்பினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஒற்றைக்கல்லே ஒரு காரட் என்று சொல்லி விற்றதைக் கேட்ட யாராவது உடன் வந்திருந்தால் அவரையும் சாட்சியாகச் சேருங்கள்.

ஏழு கல் தோட்டுக்கு ‘ப்ளூ ஜாகர்’ கல் என்று சொல்லி விலை கூட்டுகிறார்கள். நியாயமா?
– காரைக்குடி வாசகி

தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தில் கிடைத்த நீலச் சாயல் கற்களால் வந்த பெயர் அது. அந்தச் சுரங்கம் 1971இல் மூடப்பட்டுவிட்டது. சான்றிதழில் இப்படி ஒரு தரமே கிடையாது. பல நேரம் அந்த நீலம் புறஊதாக் கதிரில் கல் ஒளிர்வதால் வருவது. அந்த ஒளிர்வு அளவு மிஞ்சினால் கல்லைப் பால்போல மங்கலாக்கவும் கூடும். பெயருக்குக் கூடுதல் விலை வேண்டாம். அடிப்பக்கம் மூடிக் கட்டுகிற தோடு என்றால், பதிப்பதற்கு முன்பே கற்களை உங்கள் எதிரில் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தீபாவளிக் கூட்டத்தில் பில் போடாமல் வாங்கினேன். மூன்று சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்றார்கள். இப்போது கல்லின் மேல் கீறல்கள் தெரிகின்றன. கடைக்காரர் தன் பொருளே இல்லை என்கிறார்.
– மதுரை வாசகர்

அவர் சொல்வதை மறுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? அன்றாடப் புழக்கத்தில் வைரம் இப்படிக் கீறாது. கையில் இருப்பது அமெரிக்கன் டைமண்ட் என்கிற போலிக் கல்லாக இருக்கலாம். கல்லையாவது சோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். அதற்காவது ரசீது வாங்குங்கள்.

கல்லில் கரும்புள்ளி இருந்தால் தோஷமாமே?
– சேலம் வாசகி

வைரத்தின் குற்றங்களாகக் காகபாதம் (காக்கைக் கால் போன்ற வடு), களங்கம் (கறை), விந்து (புள்ளி), ஏகை (கீற்று) என்று சிலப்பதிகாரத்து மதுரைக் கடைத்தெருவே பட்டியல் வைத்திருந்தது. தோஷம் இருக்கிறதோ இல்லையோ, புள்ளியைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

ஆய்வகத்தில் விளைந்த வைரமென்றால் அதே பணத்துக்கு இரண்டு காரட் கிடைக்கிறது. வாங்கலாமா?
– சென்னை இளைஞர்

அணிவதற்கு என்றால் தாராளமாக. அதுவும் கார்பன்தான், வைரம்தான். 2023இல் பிரதமர் மோடி அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி ஜில் பைடனுக்கு அளித்த 7.5 காரட் கல்லும் இவ்வகையே. ஆனால் அடகுக்கோ மறுவிற்பனைக்கோ அதை நம்பாதீர்கள். விலை சில ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வருகிறது. பில்லில் ‘ஆய்வக வைரம்’ என்ற சொல் இருக்கட்டும். கடைக்காரர் பேனா போன்ற கருவியைத் தொட்டுக் காட்டி ‘பாருங்கள், வைரம்’ என்பார். சுரங்கக் கல்லுக்கும் அது அப்படித்தான் சொல்லும், ஆய்வகக் கல்லுக்கும் அப்படித்தான் சொல்லும்.

மூன்று சென்ட் மூக்குத்திக்கு விவிஎஸ் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். தேவையா?
– நாகர்கோவில் வாசகி

இரண்டு மி.மீ. கல்லுக்கா? வேண்டாம். திருகாணியின் மரை தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.