ஆவன செய்யப்படும்

கேள்வி: பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குத் தரும் வளர்ச்சி உதவியைக் கூட்ட வேண்டும், முறைப்படுத்த வேண்டும் என்று அரசுகளுக்கு மனு அனுப்பப்போவதாகச் சொல்லி எங்கள் கல்லூரியில் கையெழுத்து வாங்குகிறார்கள். ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கே ஒழுங்கான சாலை இல்லாதபோது இதெல்லாம் தேவையா?
(வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: மனுவைச் சேலத்துக்காரர் ஒருவரே இப்படி இளக்காரமாகப் பேசலாமா? திங்கட்கிழமை காலையில் ஆட்சியர் அலுவலகத்திற்குப் போய்ப் பாருங்கள். பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே, முன்பு கொடுத்த மனுக்களின் நகல்களை மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு யாராவது வந்து நிற்பதுண்டு. அவர்களுக்குக் கிடைக்கும் பதில், ‘ஆவன செய்யப்படும்’.

இந்தத் தொடருக்கு நம் வருவாய்த் துறை தனியுரிமை கொண்டாட முடியாது. வளர்ந்த நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வளர்ச்சி உதவியாகத் தர வேண்டும் என்று 1970 அக்டோபரில் ஐ.நா. பொதுச் சபை தீர்மானித்தபோது, அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதிக்குள் இதை எட்ட அந்நாடுகள் இயன்ற முயற்சியெல்லாம் எடுக்கும் என்றுதான் எழுதிவைத்தது. அமெரிக்கா இந்த இலக்கை ஏற்கவே இல்லை. ஏற்றுக்கொண்டவர்கள் எடுத்த முயற்சியின் பலன், 2024இல் கொடையளிக்கும் நாடுகளின் சராசரி 0.33 விழுக்காடு, இலக்கைத் தாண்டியவை நார்வே, லக்ஸம்பர்க், ஸ்வீடன், டென்மார்க் ஆகிய நான்கே. பிரிட்டன் 2015இல் இதைச் சட்டமாகவே இயற்றியது, 2021இல் 0.5 ஆகக் குறைத்தது; 2027க்குள் 0.3 ஆக்கப்போவதாக 2025இல் அறிவித்துவிட்டது. சட்டத்துக்கே இந்தக் கதி என்றால் மனு என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க ஆளில்லாத இடத்தில்தான் சட்டமும் இப்படித் தேயும் என்பது என் பதில்.

ஏற்காட்டுச் சாலைக்கான பணம் டென்மார்க்கிலோ எத்தியோப்பியாவிலோ முடங்கிக் கிடக்கவில்லை. அதைச் சென்னையில்தான் கேட்க வேண்டும், இரண்டு மனுவிலும் ஒருவரே கையெழுத்திடத் தடையும் இல்லை. அதோடு, வாங்கிய கதை நம் மாவட்டத்துக்கும் உண்டு. 1980களில் டென்மார்க் அரசின் டேனிடா உதவியோடு அன்றைய சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களில் கிராம சுகாதாரத் திட்டம் நடந்தது. எனக்குப் பிடித்தது தொகையல்ல, அது செலவான விதம்: கிராமத்துத் துணை சுகாதார நிலையம், அங்கே பணியாற்ற மாநில அரசின் செவிலியர். உதவி முடிந்தபின் பூட்டுப் போட்டுவிட்டுப் போகவேண்டிய அலுவலகமாக அது இல்லை.

பெயர்ப்பலகைகளோடும் திறப்புவிழாக் கல்வெட்டுகளோடும் எனக்குள்ள பகையைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். கழிப்பறையைவிடப் பெரிதாக அதைக் கட்டிக்கொடுத்தவரின் பெயர் நிற்பதை இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். நாடுகளுக்கும் அந்த நோய் உண்டு. கொடுத்த பணத்துக்குத் தங்கள் நாட்டு இயந்திரத்தையும் தங்கள் நாட்டு ஆலோசகரையுமே வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். இதனால் செலவு 15 முதல் 30 விழுக்காடு வரை கூடுகிறது என்பது கொடையாளி நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யே ஒப்புக்கொண்ட கணக்கு. மொய்ப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பாத்திரத்தை என் கடையில்தான் வாங்க வேண்டும் என்று மாமா சொல்வதைப் போன்றது இது. இன்னொரு வித்தையும் உண்டு. தன் மண்ணுக்கு வந்த அகதிகளின் முதலாண்டுச் செலவை உதவிக் கணக்கில் எழுதிக்கொள்ள விதி இடம் தருவதால், 2023இல் பிரிட்டனின் உதவித் தொகையில் கால் பங்குக்கு மேல் பிரிட்டனுக்குள்ளேயே செலவானது. அகதிகளைத் தங்கவைத்தது நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பணத்தால் ஆப்பிரிக்காவில் ஒரு கிணறுகூட வெட்டப்படவில்லை.

ஆகவே கையெழுத்திடுங்கள். ஆனால் மனுவில் ‘கூட்டுக’ என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்து, நிபந்தனையை நீக்கவும், உள்நாட்டுச் செலவைக் கணக்கிலிருந்து எடுக்கவும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பெறுநர் பட்டியலில் லண்டனும் வாஷிங்டனும் மட்டும் இருந்தால் புது தில்லியையும் எழுதச் சொல்லுங்கள். சிறிய நாடுகளின் உதவி இனி வேண்டாம் என்று 2003இல் சொன்ன இந்தியா, இன்று தானே கொடுக்கும் நாடு. இலங்கையில் அது 50,000 வீடுகள் கட்டித்தர முன்வந்ததை மனமாரப் பாராட்டலாம். ஆனால் ஆப்பிரிக்க நாடுகளுக்கு நாம் தரும் சலுகைக் கடனில் பொதுவாக முக்கால் பங்குக்குக் குறையாமல் இந்தியப் பொருளும் சேவையுமே வாங்கப்பட வேண்டும் என்ற விதி இருக்கிறதே, அதை எந்தக் கல்லூரியில் யார் கேட்பது?