ஒரே ஒரு தனி அறை, மூன்று நோயாளிகள்: யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: பொது வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு தனி அறை. சமீபத்தில் ஒரு நைட் டியூட்டியில் மூன்று பேருக்கு அது தேவைப்பட்டது. ஒருவர் மூன்று வாரமாக இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்று வந்தவர். இன்னொருவருக்கு ஆன்டிபயாடிக் ஓடும்போதே தண்ணீராக வயிற்றுப்போக்கு. மூன்றாமவரின் கால் புண்ணில் எம்.ஆர்.எஸ்.ஏ. (பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா) என்று கல்ச்சர் ரிப்போர்ட், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை முடிவு. ரிப்போர்ட் கையில் இருந்ததால் மூன்றாமவருக்கே அறையைக் கொடுத்தோம். சரிதானா? மற்ற இருவரை எப்படிப் பார்த்திருக்க வேண்டும்?

பதில்: அறை இருமலோடு வந்தவருக்குப் போயிருக்க வேண்டும். ரிப்போர்ட் வந்தவரைப் பிரித்துவைத்துவிட்டு, வராதவரைப் பொதுவில் விடுவது பல வார்டுகளில் நடப்பதுதான். பேப்பரில் பெயர் ஏறிவிட்டால் எல்லோருக்கும் பயம் வந்துவிடுகிறது! கிருமி ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பதில்லை. அட்மிஷன் நேரத்திலேயே அறிகுறியை வைத்து, எந்த வழியாகப் பரவக்கூடும் என்று கணித்து ஐசொலேஷனை (பிரித்துவைப்பதை) தொடங்கிவிடுங்கள். ரிப்போர்ட் வந்த பிறகு தளர்த்திக்கொள்ளலாம்.

இருமலோடு வந்தவரின் அறிகுறிகளைப் பார்த்தால் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். காசநோய், தட்டம்மை, சின்னம்மை மூன்றும் காற்றில் மிதந்து பரவுபவை. கட்டிலைத் தள்ளிப் போடுவதாலோ திரையை இழுத்துவிடுவதாலோ அந்தக் காற்று நிற்காது. நெகட்டிவ் பிரஷர் அறை (உள்காற்று வார்டுக்குள் கசியாதபடி காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்த அறை) இருந்தால் நல்லது. இல்லையென்றால் வார்டுப் பக்கக் கதவு எப்போதும் மூடியிருக்கட்டும், வெளிப்புற ஜன்னல் திறந்திருக்கட்டும். மற்ற அறைகளோடு காற்றைப் பகிரும் ஏசி கூடாது. உள்ளே போகும் உங்களுக்கு என்-95, எக்ஸ்-ரேவுக்கு வெளியே வரும் நோயாளிக்கு சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. என்-95 அணிந்ததும் இரு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள். மூக்கோரமாகக் காற்று கண்ணில் பட்டால் கம்பியை மறுபடி அழுத்துங்கள். கசியும் என்-95க்கு மேல் இன்னொரு மாஸ்க் போட்டாலும் கசிவு அடைபடாது. ஒரே ஒரு சளிப் பரிசோதனை நெகட்டிவ் என்றதும் கதவைத் திறந்துவிடவும் வேண்டாம்; அதை டாக்டரும் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவும் முடிவு செய்யட்டும்.

என்னைக் கேட்டால், அந்த இரவில் அதிகம் கவனிக்க வேண்டியவர் வயிற்றுப்போக்குக்காரர். ஆன்டிபயாடிக்கோடு தொடங்கும் வயிற்றுப்போக்கு என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசைல் என்ற குடல் பாக்டீரியா. அதன் வித்துகளை (கெட்டியான உறைக்குள் உறங்கும் அதன் வடிவத்தை) ஆல்கஹால் ஹேண்ட் ரப் கொல்லாது. அவரைத் தொட்ட பிறகு, கையுறையைக் கழற்றிவிட்டு, சோப்பும் தண்ணீரும் கொண்டு 40 முதல் 60 நொடி கழுவ வேண்டும். கட்டில் கம்பி, லாக்கர், பெட்பேன் எல்லாவற்றையும் குளோரின் கலந்த கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். தனி அறை கிடைக்காதபோது வார்டின் கடைசிக் கட்டில், அவருக்கென்று தனிக் கழிப்பறை அல்லது கம்மோட். அடுத்து எந்த அறை காலியானாலும் இவருக்குத்தான்.

எம்.ஆர்.எஸ்.ஏ. நோயாளிக்கு அன்று வார்டே போதும். புண் நன்றாக மூடியிருக்க வேண்டும், டிரெஸ்ஸிங் நனைந்து ஊறக்கூடாது, பிபி கஃப்பும் ஸ்டெதஸ்கோப்பும் அவருக்கென்று தனியாக இருக்க வேண்டும். சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் செருகிய குழாய்) உள்ளவர், புதிதாக ஆபரேஷன் ஆனவர் பக்கத்தில் போடாதீர்கள். இன்னொரு எம்.ஆர்.எஸ்.ஏ. நோயாளி இருந்தால் இருவரையும் அடுத்தடுத்து வைக்கலாம். வயிற்றுப்போக்குக்காரரோடு மட்டும் சேர்க்க வேண்டாம்.

இவர்கள் மூவரையும் ஒரே நர்ஸ் பார்க்கும்போது ஆபத்து அதிகம் இருப்பது கழற்றும் நேரத்தில்தான். அவசரத்தில் கையுறையோடு மாஸ்க்கை இழுப்பவர்களை எந்த ஷிஃப்ட்டிலும் பார்க்கலாம். முதலில் கையுறை: ஒன்றின் வெளிப்புறத்தை மணிக்கட்டருகே பிடித்து உரித்து, மற்ற கையில் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வெறும் விரலை இரண்டாவது கையுறையின் உள்பக்கமாக நுழைத்து உரித்தால், முதலாவது அதற்குள்ளேயே அடங்கிவிடும். கையைச் சுத்தம் செய்துவிட்டுப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். பின் கவுன்: முடிச்சை அவிழ்த்து, தோளிலிருந்து உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டுங்கள். என்-95 மட்டும் அறைக்கு வெளியே வந்து கதவை மூடிய பிறகு. கீழ் வாரை முதலில், மேல் வாரை அடுத்து, முன்பக்கத்தைத் தொடாமல். கடைசியில் மறுபடியும் கை சுத்தம். ஒரே கையுறையில் சானிடைசர் தடவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவது, இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு மேல் ஜோடியை மட்டும் மாற்றுவது இரண்டும் வேண்டாம்.

இருமல் நோயாளி போனதும் அறையை உடனே அடுத்தவருக்குத் தராதீர்கள். மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில் மிதக்கும் துகள்களில் 99.9 சதவீதம் வெளியேற 35 நிமிடம் ஆகும். 6 முறை மட்டுமே மாறினால் 69 நிமிடம். அதற்குள் படுக்கையை மாற்றவோ தரையைத் துடைக்கவோ உள்ளே போகும் தூய்மைப் பணியாளருக்கும் என்-95 கொடுங்கள்.