ஓடும் நீரில் இன்னும் என்ன பாக்கி?

அன்புள்ள ஐயா,

என் மகள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டாள். கம்பெனி வேலை தயாராக இருக்கிறது. அவளோ இங்கே கோலாலம்பூரிலேயே ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குழுவில் சேரப் போகிறேன் என்கிறாள். வெப்ப இயக்கவியலும் பாய்ம இயக்கவியலும்தான் துறையாம். அதெல்லாம் நீராவி இன்ஜின் காலத்துப் படிப்பு அல்லவா? வெந்நீர் ஆறுவதிலும் குழாயில் தண்ணீர் ஓடுவதிலும் இனி கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

கு., செந்தூல்

அன்புள்ள கு.,

நீராவி இன்ஜின் காலத்துப் படிப்பு என்பது சரிதான். வெப்ப இன்ஜின் தனக்குக் கிடைக்கும் வெப்பத்தில் எவ்வளவு பங்கை வேலையாக மாற்றலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று பிரெஞ்சு இன்ஜினியர் கார்னோ 1824இல் எழுதினார். அதை இன்றுவரை எந்த இன்ஜினும் தாண்டவில்லை. ஆனால் விதி தெரிந்ததோடு வேலை தீர்ந்துவிடுவதில்லை.

1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவே கொஞ்சம் சாயத்தைக் கசியவிட்டார். மெதுவாக ஓடும்வரை சாயம் இழுத்துக் கட்டிய நூல் மாதிரி நேராகப் போனது. வேகத்தைக் கூட்டக் கூட்ட ஓரிடத்தில் அது நடுங்கியது, அப்புறம் சுழன்று சுழன்று குழாய் முழுக்கக் கலந்துவிட்டது. வேகம், குழாயின் விட்டம், திரவத்தின் அடர்த்தி, பாகுத்தன்மை (எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது) இவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் சுமார் 2300ஐத் தாண்டும்போது இந்த மாற்றம் தொடங்கும் என்று இன்று பாடத்தில் படிக்கிறார்கள். ஆனால் பாய்மங்களின், அதாவது திரவங்கள், வாயுக்களின் ஓட்டத்தைச் சொல்லும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளுக்கு முப்பரிமாணத்தில் எப்போதும் சீரான தீர்வு உண்டா என்று இன்னும் யாரும் நிறுவவில்லை. அதற்காகக் கிளே கணிதக் கழகம் 2000இல் அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசு அப்படியே இருக்கிறது.

நம்மூருக்கு வருவோம். உங்கள் வீட்டு ஏர்கோன் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர், அறைக் காற்றில் இருந்த ஈரம். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி குளிர்விக்கச் சுமார் 1 கிலோஜூல் வெப்பத்தை எடுத்தால் போதும். ஒரு கிலோ நீராவியைத் தண்ணீராக்க 2400 கிலோஜூலுக்கும் மேல் எடுக்க வேண்டும்! வருடம் முழுக்கப் புழுங்கும் இந்த ஊரில் கரண்ட் பில்லில் ஒரு நல்ல பங்கு ஈரத்தை வெளியேற்றவே போகிறது. அறைக்குப் பெரிய ஏர்கோனை மாட்டினாலும் தொல்லைதான். சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும், ஈரம் அறையிலேயே தங்கும், உடம்பு பிசுபிசுக்கும். ஈரத்தை உறிஞ்சும் பொருள்களால் முதலில் காற்றை உலர்த்திவிட்டு அப்புறம் குளிர்வித்தால் எவ்வளவு மிச்சமாகும்? இதை இந்த ஊர்க் காற்றை வைத்தே அளந்து பார்க்க வேண்டும். உங்கள் மகளைப் போன்றவர்கள் அதைச் செய்ய வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

ஆகவே போகட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை ஆய்வகத்தை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். பரிசோதனைக் கருவிகள் ஓடுகின்றனவா, தூசி படிந்து கிடக்கின்றனவா? கம்ப்யூட்டர் சிமுலேஷன் மட்டும்தான் என்றால், அதை யாருடைய அளவீட்டோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேட்கட்டும். உதவித்தொகை எத்தனை மாதத்துக்கு, மேற்பார்வையாளர் மாணவர்களுக்கு நேரம் ஒதுக்குகிறாரா என்பதையெல்லாம் அங்கே ஏற்கனவே படிக்கும் மாணவர்களிடம் விசாரிப்பது நல்லது.