ஐரோப்பா முழுக்க ஒரே நிலச் சட்டமா?

கேள்வி: எங்கள் பக்கம் தாமிரபரணிப் பாசன வயலெல்லாம் பிளாட்டாகிக்கொண்டே வருகிறது. ஐரோப்பாவில் இதற்கு ஒரே சட்டமாமே, உண்மையா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இல்லை சகோதரி. 1999-ல் போட்ஸ்டாம் நகரில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் நிலப் பயன்பாடு பற்றி ஒரு பொதுப் பார்வையை ஏற்றுக்கொண்டன, ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. நாட்டுக்கு நாடு வழி வேறு. ஜெர்மனியில் உள்ளூர் நகராட்சிக்குத்தான் அதிகாரம். எந்த மனையில் என்ன கட்டலாம் என்று அது போடும் விரிவான திட்டமே சட்டம், அதற்குப் பொருந்தினால் அனுமதியை மறுக்க முடியாது, ஊருக்கு வெளியே விவசாய நிலத்தில் நினைத்தபடி வீடு கட்டவும் முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இங்கிலாந்தில் 1947 நகர் ஊரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு நிலம் உங்களுடையதாக இருந்தாலும் கட்ட அனுமதி வேண்டும், திட்டம் இருந்தாலும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனியாக எடைபோடுவார்கள். நெதர்லாந்து நிலம், கட்டடம், சுற்றுச்சூழல் தொடர்பான 26 சட்டங்களை ஒன்றாக்கி 2024 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது!

அப்புறம் ஒன்று, நம் தமிழ்நாட்டின் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் மாஸ்டர் பிளான் (எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம்) வரைவுக்கு ஆட்சேபம் சொல்ல இடமுண்டு. உங்கள் பகுதிக்கு வரைவு வரும்போது வயலின் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுங்கள், பக்கத்து வயல்காரர்களையும் எழுதச் சொல்லுங்கள்.