தியேட்டர் இருக்கட்டும், முதலில் வசூல் கணக்கு

கேள்வி: எங்கள் ஊர் தியேட்டர் 1950-களில் கட்டியது. என் தாத்தா அங்கே ஆபரேட்டராக இருந்தவர். முதலாளி காலமானபின் மூத்த மகன் அதை மண்டபம் கட்டுபவருக்கு விற்கப் பேசுகிறார். ஊரே கொதித்துப்போயிருக்கிறது. 'ஒரு நாற்காலி 5,000 ரூபாய்' என்று என் ஜிபே எண்ணுக்கு 11 லட்சம் திரட்டினோம். நாற்காலியில் பெயர், 5 ஆண்டு இலவச டிக்கெட், தியேட்டர் கைக்கு வராவிட்டால் பணம் வாபஸ் என்று நோட்டீஸ் அடித்தோம். அதில் 2 லட்சத்தை மூத்தவரிடம் அட்வான்ஸாகக் கொடுத்தோம். இப்போது போனை எடுப்பதில்லை. இடிக்கத் தடையாணை கிடைக்குமா?
- தஞ்சை மாவட்ட வாசகர்

பதில்: தாத்தா ஆபரேட்டர் என்பதும் ஊர் கொதிப்பதும் மனுவில் ஒரு வரிக்குக்கூட உதவாது. அந்தச் சொத்தில் உங்களுக்கு என்ன உரிமை என்றுதான் கோர்ட் கேட்கும். ஒன்றுமில்லை.

அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை ஐகோர்ட் காப்பாற்றியதே என்பீர்கள். 2010-இல் காப்பாற்றியது, உண்மை. ஆனால் அதன் உரிமையாளர் எல்.ஐ.சி. கட்டடமும் நீதிபதி பத்மநாபன் குழுவின் பாரம்பரியப் பட்டியலில் இருந்தது. அதே சாலையில் 1913-இல் வந்த எலெக்ட்ரிக் தியேட்டர் இன்றும் நிற்கிறதென்றால், தபால் துறை அதை வாங்கி வைத்துக்கொண்டதால்தான். உங்களுடையது தனியார் சொத்து, எந்தப் பட்டியலிலும் இல்லை. 2012 பாரம்பரிய ஆணையச் சட்டத்தைக் காட்டி மனு கொடுங்கள், தப்பில்லை. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

என் கவலை அந்த 11 லட்சம்.

வருமான வரிக்காரரிடம் 'நன்கொடை' என்றால், உறவினர் அல்லாதவர்களிடம் எல்லாம் சேர்த்து ஒரே ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கியது மொத்தமும் உங்கள் வருமானம். 'திருப்பித் தர வேண்டிய பணம் சார்' என்றால் வரி போய்விடும், டெபாசிட் வந்து நிற்கும். டெபாசிட் போட்டவர்களைக் காக்கும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமான டான்பிட்டில் வட்டி தந்தால்தான் டெபாசிட் என்றில்லை. பொருளாகவோ சேவையாகவோ பிரதிபலன் தருவதாகச் சொல்லி வாங்கினாலும் டெபாசிட்தான். இலவச டிக்கெட் பிறகென்ன? திருப்பித் தரத் தவறினால் 10 ஆண்டு வரை சிறை. நாங்கள் நிதி நிறுவனமா என்று கேட்காதீர்கள், அந்த வரையறையில் தனிநபரும் உண்டு. தொழிலாக வசூலிக்கவில்லை என்று நான் வாதாடலாம், நல்ல வாதம்தான். ஆனால் அதைச் சொல்லும் இடம் கோர்ட், அதற்குள் நீங்கள் ஜாமீனுக்கு அலைந்து முடித்திருப்பீர்கள்.

கோயில் திருப்பணி, பள்ளிக்கூடக் கட்டடம் என்று நல்ல மனதோடு சொந்தக் கணக்கில் வசூலித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு பைசா எடுத்திருக்க மாட்டார்கள். 5,000 தந்த ஒருவருக்கு மகள் கல்யாணம் வரும், பணத்தைக் கேட்பார், கையில் இருக்காது. புகார் அங்கேதான் பிறக்கிறது. அனுப்பியவர்களில் சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கிய ஊர்க்காரர்கள் இருந்தால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமும் சேரும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தில் அனுப்பினால் சிக்கலில்லை. பட்டியலைப் பிரியுங்கள்.

அட்வான்ஸ்? 2012 முதல் தமிழ்நாட்டில் விற்பனை உடன்படிக்கையைக் கட்டாயம் பதிய வேண்டும். உங்களிடம் துண்டுச் சீட்டாவது இருக்கிறதா? முதலாளி உயில் எழுதாமல் போயிருந்தால் மனைவிக்கும் மகள்களுக்கும் பங்குண்டு. மூத்தவர் தனியாகப் பேசிய பேரம் அவர்கள் பங்கைக் கட்டுப்படுத்தாது. அதை வைத்து விற்பனையைத் தடுக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அது அவர்கள் ஆயுதம், உங்களுடையதல்ல.

ஆகவே சமாதானமாகப் போங்கள். வசூலை இன்றே நிறுத்துங்கள். கையில் உள்ள 9 லட்சத்தை வந்த எண்ணுக்கே திருப்பி அனுப்புங்கள், ரொக்கமாகத் தராதீர்கள். 2 லட்சத்துக்கு மூத்தவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மத்தியஸ்தர் ஒருவரை வைத்துக் குடும்பத்தார் எல்லோரோடும் உட்காருங்கள். முகப்பையும் டிக்கெட் கவுன்டரையும் விட்டுவைக்கவும், பழைய புரொஜக்டரை ஊருக்குத் தரவும் கேட்டால் ஒப்புக்கொள்ள வாய்ப்புண்டு. தியேட்டரையே கேட்டால் பேச்சு அன்றே முறியும். அதுவரை 'பணப்பேய்' என்றெல்லாம் பேனர் வைக்காதீர்கள், அவதூறு வழக்கையும் நான் நடத்த வேண்டியிருக்கும்.

வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிடலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஒரு செய்தியைக்கூட அழிக்காமல், நோட்டீஸ் பிரதியோடும் வங்கி ஸ்டேட்மென்ட்டோடும் உங்கள் ஊர் வக்கீலை இந்த வாரமே பாருங்கள்.