வசந்த காலத்தில் டிரவுட் மீனுக்குத் தூண்டில் போட விடியற்காலை நல்லதா?
மலை ஆறு என்றால் அவசரமே வேண்டாம், சாப்பிட்டுவிட்டு மதியம் போங்கள். பனி உருகி வரும் தண்ணீர் காலையில் சில்லென்று இருக்கும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே டிரவுட் அடியில் மந்தமாகக் கிடக்கும். வெயில் ஏறினால்தான் அது தின்னும் பூச்சிகளும் கிளம்பும். அமெரிக்காவின் மொன்டானாவில், யெல்லோஸ்டோன் ஆற்றில் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் தண்ணீர் சுமார் 12 டிகிரியைத் தொட்டதும் அந்துப்பூச்சி போன்ற கேடிஸ் பூச்சிகள் மேகம் மாதிரி எழும்பும். அன்னையர் தினத்தை ஒட்டி வருவதால் 'அன்னையர் தின கேடிஸ்' என்றே பெயர். அப்போது இறகு கட்டிய போலிப் பூச்சியை மேலே மிதக்கவிடலாம். சிக்கல் என்னவென்றால், அதே வெயில் மலைப்பனியையும் கரைத்து ஆற்றைக் காப்பி நிறமாக்கிவிடும். பூச்சி எழும்பாத நாளா? சரி, இளம்பூச்சி வடிவில் கட்டிய 'நிம்ஃப்' என்ற போலிப் பூச்சியை அடித்தரையை ஒட்டி நகரவிடுங்கள்.