கீழே போனால் பொட்டாசியம் துள்ளுகிறது, அயோடின் ஏன் தூங்குகிறது?

“தனிம அட்டவணையின் முதல் தொகுதியில் கீழே போகப் போக வினைத்திறன் கூடுகிறது, 17ஆம் தொகுதியில் குறைகிறது. ஏன் இரண்டு விதி?” என்று கேட்டிருக்கிறீர்கள். விதி ஒன்றுதான். கீழே போனால் அணு பெரிதாகும், வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் மேல் அணுக்கருவின் பிடி தளரும். முதல் தொகுதியின் கார உலோகத்தின் வேலை எலக்ட்ரானைக் கொடுப்பது. பிடி தளர்ந்தால் கொடுப்பது சுலபம். முதல் அயனியாக்கும் ஆற்றலை, அதாவது முதல் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றலைப் பாருங்கள்: லித்தியம் 520, சோடியம் 496, பொட்டாசியம் 419, சீசியம் 376 கிலோஜூல்/மோல். 17ஆம் தொகுதியின் ஹாலஜனின் (ஃபுளூரின், குளோரின், அயோடின் போன்றவை) வேலை எலக்ட்ரானை வாங்குவது. பிடி தளர்ந்தவன் எப்படி இழுப்பான்?

சரி, இதில் ஒரு பொறி உண்டு. நானும் பரீட்சையில் விழுந்திருக்கிறேன். எலக்ட்ரான் நாட்டம், அதாவது அணு ஓர் எலக்ட்ரானை வாங்கும்போது வெளிவிடும் ஆற்றல், ஃபுளூரினைவிடக் குளோரினுக்குத்தான் அதிகம் (ஃபுளூரின் 328, குளோரின் 349 கிலோஜூல்/மோல்). ஃபுளூரின் அணு ரொம்பச் சின்னது, உள்ளே ஏற்கெனவே நெரிசல். அப்படியும் ஃபுளூரின்தான் முரடு. காரணம், அதன் மூலக்கூறுப் பிணைப்பை முறிக்க ஏறக்குறைய 159 கிலோஜூல்/மோல் போதும், குளோரினுக்கு 243 வேண்டும். தண்ணீரில் சின்ன ஃபுளூரைடு அயனி நீரேற்றம் அடையும்போது (நீர் மூலக்கூறுகள் அதைச் சூழும்போது) வெளிவிடும் ஆற்றலும் கூடுதல்.

அப்புறம், முதல் தொகுதியின் உச்சியில் இருக்கிறதே என்று ஹைட்ரஜனைக் கார உலோகக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.